ரெண்டாவது ஆள் வந்தாத்தான் கடை

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். இது ஒரு விளம்பரத்தில் தொடங்கியது.

நான் ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். அதில் கதை எழுதுவேன். பிழைப்புக்கு எழுதுவது வேறு: சலவை இயந்திரம், மின்விசிறி, தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றோடு பெட்டிக்குள் வருமே, அந்தக் கையேடுகள். அவற்றை யாரும் படிப்பதில்லை. பொருளை வெளியே எடுத்த கையோடு அட்டைப்பெட்டியும் கையேடும் பரணுக்குப் போய்விடும். நாம் எழுதுவதை ஒருவராவது படிக்கட்டுமே என்றுதான் வலைப்பூ தொடங்கினேன். அதையும் யாரும் படிக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் பாரபட்சம் இல்லாத எழுத்தாளன்.

போன மாதம் ரோஷம் வந்து, "கடைசிப் பதிவு" என்று தலைப்புக் கொடுத்து, வாசகர்களிடமிருந்து விடைபெற்றேன். இல்லாத வாசகர்களிடமிருந்து விடைபெறுவது அவ்வளவு சுலபமில்லை. நீளமாக எழுதி, நானே படித்து, நானே கலங்கி, நானே பதிவேற்றினேன். மறுநாள் காலையில் அதன் கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது.

"மிகவும் பயனுள்ள பதிவு! தங்கள் எழுத்து நடை அருமை. தொடர்ந்து எழுதுங்கள்!"

அடியில் ஒரு திரைச்சீலைக் கடையின் இணைப்பு.

என் மனைவி சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த டீ பாதி தரைக்குப் போனது. "ஏங்க, நீங்க நிறுத்துறது அவங்களுக்கு அவ்வளவு பயனுள்ளதா இருந்திருக்கு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "கடைசிப் பதிவு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். எதைத் தொடர்ந்து எழுதுவது?" என்று பதில் போட்டேன். இந்த மாதிரிப் பின்னூட்டங்களுக்குப் பதில் போடுவது சுவரோடு பேசுவதுதான். போடுகிறவர்கள் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"ஐயோ, மன்னிச்சிருங்க சார். படிக்காமலே போட்டுட்டேன். இப்ப முழுசா படிச்சேன். ஏன் சார் நிறுத்துறீங்க? லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட மாமனார் மருமகன் கதையையும் படிச்சேன். சிரிச்சு முடியல."

இந்த முறை அடியில் இணைப்பு இல்லை. ஒட்ட மறந்துவிட்டார்கள்.

(இதுவரை நடந்தது. இனி வருவது என் கைவரிசை. நடந்தது எங்கே திரும்ப வருகிறதோ, அங்கே சொல்லிவிடுகிறேன். உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வராது. வாசகர் எண்ணிக்கை அப்படி.)

2

கதையை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "கணினியின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் படர்ந்து—"

(எந்தக் கதையில்தான் அது படரவில்லை? விட்டுவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "மனிதன் ஏன் ஜன்னலுக்குத் திரை போடுகிறான்? ஒளிந்துகொள்ளவா, அல்லது தனக்கென்று கொஞ்சம்—"

(இதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறாள். "கேள்வி கேட்டு ஆரம்பிச்சீங்கன்னா நான் பதில் சொல்லிட்டு எழுந்து போயிடுவேன்" என்றாள். பிறகு எங்கள் முன்னறை ஜன்னலைக் காட்டி, "நாம ஏன் இன்னும் திரை போடலன்னு முதல்ல எழுதுங்க" என்றாள். குடிவந்த நாளிலிருந்து அங்கே ஒரு பழைய போர்வைதான் க்ளிப்பில் தொங்குகிறது. சாயங்கால வெயில் அதைத் தாண்டி நேராக என் கணினித் திரையில் விழும். நான் பேச்சை மாற்றினேன்.)

மூன்றாம் முயற்சி: "கர்ட்டன் அக்காவின் கடைக்கு வழி கேட்டால் யாருக்கும் தெரியாது."

இது இருக்கட்டும்.

3

கர்ட்டன் அக்காவின் கடைக்கு வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. தெருவில் நகல் எடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சந்து, சந்துக்குள் படிக்கட்டு, ஏறினால் இரண்டாம் மாடியில் பின்பக்கத்து அறை. தெருவுக்கும் அந்த அறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கிருந்தோ கழற்றிய பெரிய கதவு ஒன்றுதான் அக்காவுக்குத் துணி வெட்டும் மேசை. தாழ்ப்பாள் இருந்த துளையில் பென்சிலைச் செருகி வைத்திருப்பாள்.

அக்காவுக்குத் தைப்பதைவிட அளவெடுக்கப் போவதுதான் பிடிக்கும். ஒரு வீட்டுக்குள் போய், ஸ்டூலில் ஏறி நின்று, வெயில் எந்த நேரம் எந்தப் பக்கம் வரும், பகலில் யார் தூங்குவார்கள், குழந்தை திரையைப் பிடித்துத் தொங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். இறங்குவதற்குள் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருப்பாள். தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லித்தான் அவள் கடை ஓடிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் ஒரு பெரிய கடை திறந்தது. அக்கா ஈ ஓட்ட ஆரம்பித்தாள். அந்தப் பெரிய கடையிலிருந்தே ஒருநாள் மேலாளர் படியேறி வந்தார். "உங்க வேலை சுத்தமா இருக்கும்னு கேள்விப்பட்டோம். எங்க தையல் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு, வர்றீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். வரிசையாகப் போட்ட இயந்திரங்களில் ஒன்று. காலையிலிருந்து மாலை வரை விளிம்பு அடிக்க வேண்டும். யார் வீட்டு ஜன்னல் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். திங்கட்கிழமை பதில் சொல்வதாக அக்கா சொன்னாள்.

அக்காவுக்கு ஒரு தம்பி. கடைக்கு ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

"யாராவது வந்தாங்களாடா?"

"வரலக்கா."

"ஏன்டா வரல?"

"உன் கடை மாதிரியேதான் உன் வெப்சைட்டும். சந்துக்குள்ள ரெண்டாம் மாடில இருக்கு."

"அதுக்கு என்ன பண்றது?"

தம்பி ஒரு துணி உருளையின் மேல் உட்கார்ந்து விளக்கினான். "நெட்டுல நிறைய பேர் எதையாவது எழுதிக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ கருத்துப் பெட்டி ஒண்ணு திறந்திருக்கும். நீ போயி நல்லதா ரெண்டு வார்த்தை போடு. அடியில நம்ம லிங்க்கை ஒட்டிட்டு வந்துடு. பாக்குறவங்க அழுத்தினா நேரா நம்ம கடைக்கு வருவாங்க. நிறைய இடத்துல நம்ம லிங்க் இருந்தா, யாராவது கர்ட்டன் தேடுறப்பவும் நம்ம பேரு மேல வரும்."

"என்னடா நல்லதா ரெண்டு வார்த்தை?"

தம்பி அதையும் தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டான். மிகவும் பயனுள்ள பதிவு, எழுத்து நடை அருமை, தொடர்ந்து எழுதுங்கள்.

"அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்க வேணாமா?"

"அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்? போடு, வா. திரும்பிப் பாக்காத."

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தத் தம்பி மேல் எனக்கு முதலில் நல்ல எண்ணம் இல்லை. முந்தைய வரைவில் அவனை ஏமாற்றுக்காரன் ஆக்கி, ஒரு கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றிவிட்டேன். அக்கா கடை ஓட வேண்டும் என்று துடிக்கிறவன் எப்படி வில்லன் ஆவான்? பல வலைப்பூக்களில் இப்படி ஒட்டும் இணைப்பைத் தேடுபொறி கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்பது அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

4

தம்பி சொன்னபடியே அக்கா செய்தாள். வீட்டுக்கு வர்ணம் அடிப்பது பற்றிய பதிவின் கீழே போட்டாள். தன் பல்வலியைப் பற்றி ஒருவர் அங்கலாய்த்திருந்த பதிவின் கீழே போட்டாள். ஒரு கணக்கு வாத்தியார் பின்னங்களை விளக்கியிருந்த இடத்தில் போட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருவர் "எங்கள் நாயைக் காணவில்லை" என்று எழுதியிருந்த இடத்திலும் போட்டுவிட்டு வந்தாள்.

நாய்க்காரர் விடவில்லை. "என் நாய் தொலைந்ததில் உங்களுக்கு என்ன பயன் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டிருந்தார்.

அக்கா அந்தப் பதிவை முதலிலிருந்து படித்தாள். ஒரு காது மடிந்த நாய். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளுமாம். அக்கா மன்னிப்புக் கேட்டாள். எந்தப் பக்கம் போனது, கழுத்தில் பட்டை இருந்ததா என்று கேட்டாள். மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகப் போய், "வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் எதையும் படிக்காமல் போட முடியவில்லை. படித்துவிட்டால் இரண்டு வார்த்தையோடு நிறுத்த முடியவில்லை. பல்வலிக்காரரிடம் வீக்கம் வடிந்ததா என்று விசாரித்தாள். கணக்கு வாத்தியாரிடம், பள்ளிக்கூடத்தில் கேட்கப் பயந்த ஒரு சந்தேகத்தை இப்போது கேட்டு, ஒரு முழுப் பாடமே நடத்தவைத்தாள். ஜன்னலோரத்தில் நூல் கோக்காத ஊசியைப் பிடித்தபடி அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி வந்தான்.

"என்னக்கா, இன்னைக்குப் புதுசா ஒண்ணுகூட போடலையே?"

"போட்டதுக்கெல்லாம் பதில் வந்திருக்குடா. பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"திரும்பிப் பாக்காதன்னு சொன்னேன்ல?"

"அவங்க கூப்பிடுறப்ப திரும்பாம எப்படிடா போறது?"

தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். முகம் மாறியது. "அக்கா, லிங்க் எங்க?"

"எந்த லிங்க்?"

"நம்ம கடை லிங்க்! இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்க, அடியில ஒட்டவே இல்லையே!"

"நாயைத் தொலைச்சிட்டு நிக்கிறவர்கிட்ட விசிட்டிங் கார்டை நீட்டச் சொல்றியா?"

"சரி, பல்வலிக்காரர்?"

"பாவம், வலியில இருக்காரு."

"வாத்தியாருக்கு என்ன கேடு?"

"அவர் பாடம் நடத்திட்டிருந்தாருடா. நடுவுல எப்படி..."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஊருக்கே உன்னைத் தெரியுது. உனக்கு ஒரு கடை இருக்கிறதுதான் யாருக்கும் தெரியல."

சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

5

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இப்படி ஒரு பெண்ணை உண்டாக்கிவிட்டு, அவள் கடையை எப்படி ஓடவைப்பது? அவள் குணமே அவளுக்கு எதிராக வேலை செய்கிறது. அந்தக் குணத்தை மாற்றினால் எனக்குக் கதை இல்லை.

ஒரு முடிவு: அக்கா பெரிய கடையின் நாற்காலியில் போய் உட்கார்கிறாள். முடிவே இல்லாத ஒரு விளிம்பை அடித்துக்கொண்டே—

("இதை எழுதினீங்கன்னா ஒரு வாரத்துக்குச் சமையல் உங்களோடது" என்றாள் மனைவி.)

இன்னொரு முடிவு: நாய்க்காரர், பல்வலிக்காரர், வாத்தியார் எல்லோரும் ஒரே நாளில் படியேறி வருகிறார்கள். ஆளுக்கு ஒரு ஜன்னல். நாயும் வருகிறது.

("மேல இருந்து பூ தூவுறதை விட்டுட்டீங்களே.")

மற்றொன்று: பெரிய கடையில் தீ—

(வேண்டாம். இந்தக் கதையில் யாருக்கும் கெடுதல் வேண்டாம். அந்த மேலாளர் மரியாதையான மனிதர்.)

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவு எழுதியிருக்கீங்களே, அந்த லிங்க்கை அழுத்திப் பாத்தீங்களா?"

நான் எழுந்து போர்வையின் க்ளிப்பைச் சரிசெய்தேன்.

"யாருமே வரல, யாருமே வரலன்னு போன மாசம் பூரா என் உயிரை எடுத்தீங்க. ஒருத்தங்க உங்க வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டிருக்காங்க. நீங்க அவங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. கதை மட்டும் எழுதுறீங்க."

பழுது நேர்ந்தால் என்ன செய்வது என்று எல்லாக் கையேட்டிலும் ஒரு பக்கம் எழுதுவேன். இதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

6

(நடந்தது இங்கே திரும்ப வருகிறது.)

அழுத்தினோம். எளிமையான தளம். சில திரைகளின் படங்கள், ஒரு தொலைபேசி எண், "அளவெடுக்க நாங்களே வருவோம்" என்று ஒரு வரி. எல்லாம் பார்த்துக்கொண்டு கீழே போனால், "நான் படிக்கும் இடங்கள்" என்று ஒரு பகுதி. அதில் மற்றவர்களுடைய வலைப்பூக்களுக்கு வரிசையாக இணைப்புகள்! நாலு இடத்தில் போய் இணைப்புச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னால், கடையைத் திறந்துவைத்து இணைப்பை வாரி வழங்கிக்கொண்டிருக்கிறார்கள். என் கற்பனையே இவ்வளவு தூரம் போகவில்லை.

நாய் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மாடித்தோட்டக்காரர் ஒருவர் இருந்தார், மிதிவண்டியில் ஊர் சுற்றுகிறவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் கடைசியில் நான் இருந்தேன். என் வலைப்பூவின் பெயருக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது:

"இவர் எழுதுறதை நிறுத்திட்டதா சொல்றார். நம்பாதீங்க, போய்ப் பாருங்க."

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் ஏதாவது செய்திருக்க வேண்டும். ஓர் உவமையாவது தேடியிருக்க வேண்டும். நான் எதுவும் தேடவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து நாளாகிவிட்டது.

மனைவி போர்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல்.

"அக்கா கீழ டீ குடிக்கப் போயிருக்காங்க. நான் தம்பி பேசுறேன், சொல்லுங்க."

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். "பாத்தியா! அக்கா! தம்பி! நான் எழுதினதுதான்!"

"உலகத்துல யாரைத்தான் அக்கான்னு கூப்பிட மாட்டாங்க? உக்காருங்க" என்று தொலைபேசியைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் விஷயத்தைப் பேசினாள். நாளை ஞாயிற்றுக்கிழமை, அளவெடுக்க வர முடியுமா என்று கேட்டாள்.

"வர்றோங்க. எங்க நம்பர் யாரு கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கல. உங்க வெப்சைட்டைப் பாத்துதான் கூப்பிடுறோம்."

"வெப்சைட்டைப் பாத்தா?" என்று மெதுவாகக் கேட்டார் அந்தத் தம்பி. பிறகு தொலைபேசி எங்கோ வைக்கப்படும் ஒலி, படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் ஒலி, "அக்கா! அக்கா!" என்ற கூச்சல். இணைப்பைத் துண்டிக்க அவருக்கு ஞாபகம் இல்லை. நாங்களும் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

7

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். (என் கதையில் அவள், நிஜத்தில் அவர். நேரில் பார்த்த பிறகு "அவள்" என்று எழுதக் கை வரவில்லை.) நான் நினைத்ததைவிட வயதானவர், நல்ல உயரம். ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். வேண்டாம் என்று சொல்லி, நின்ற இடத்திலிருந்தே எட்டி ஜன்னலின் மேல்விளிம்பில் டேப்பை வைத்தார். ஒரே இழுப்பில் போர்வையைக் கழற்றி மடித்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"இங்க உக்காந்துதான் எழுதுவீங்களா சார்?"

"எழுதினேன்."

"இப்ப?"

"உங்களைப் பத்தித்தான் எழுதிட்டிருக்கார்" என்று மனைவி போட்டு உடைத்துவிட்டாள்.

படித்துக் காட்டச் சொன்னார். மறுக்க வழியில்லாமல் படித்தேன். விசிட்டிங் கார்டு இடத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாய் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா வந்துச்சான்னு நான் கேட்டிருப்பேன்தான்." தம்பிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிய இடத்தில், "அவன்கிட்ட நிஜமாவே ஒண்ணு இருக்கு" என்றார். கதையை வரிசையாகப் படிக்காமல், எனக்குப் பிடித்த இடங்களை முதலில் படித்துவிட்டேன். எல்லா எழுத்தாளர்களும் செய்வதுதான். அதனால் பெரிய கடை கடைசியில் வந்தது. நாற்காலி, விளிம்பு, திங்கட்கிழமை.

அவர் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"இதை யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது."

"நாளைக்குத்தான் பதில் சொல்லணும்" என்றார்.

ஒரு கதைக்கு ஏதாவது ஒரு நெருக்கடி வேண்டுமே என்று போட்டது அது. சின்னக் கடை வைத்திருக்கும் வேலை சுத்தமானவர்களைப் பெரிய கடைக்காரர்கள் கூப்பிடுவது உலகத்தில் நடப்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எதுவும் தோன்றவில்லை.

"என்ன சொல்லப் போறீங்கக்கா?" என்று கேட்டது மனைவிதான்.

"போயிடலாம்னுதான் இருந்தேம்மா. தம்பிகிட்டகூட சொல்லிட்டேன். நேத்து நீங்க கூப்பிட்டீங்க. பாதி டீயில என்னை இழுத்துட்டு மேல ஓடினான். அந்த வெப்சைட் வழியா வந்த முதல் ஆள் நீங்கதான்."

"அப்ப போகாதீங்க."

அவர் சிரித்தார். வருத்தமில்லாத, கணக்குத் தெரிந்த சிரிப்பு. "ஒருத்தர் வந்தா அது அதிர்ஷ்டம்மா. ரெண்டாவது ஆள் வந்தாத்தான் கடை."

பிறகு மறுபடியும் டேப்பை இழுத்து, விட்ட இடத்திலிருந்து அளந்தார். வெயில் எப்போது வரும் என்று கேட்டார். பகலில் யார் தூங்குவீர்கள் என்று கேட்டார். மனைவி என்னைக் காட்டினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்க கதைல அந்த அக்கா என்ன சார் பண்ணினா?" என்றார்.

"இன்னும் எழுதல."

"அப்ப எழுதுங்க. நிறுத்திட்டேன்னு மட்டும் போட்டுடாதீங்க, உங்களை நம்பாதீங்கன்னு நான் ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

8

இது ஞாயிறு மாலை. ஜன்னலில் போர்வை இல்லை, திரை இன்னும் வரவில்லை. வெயில் முழுசாகக் கணினித் திரையில் விழுவதால் நான் தட்டச்சு செய்வது எனக்கே சரியாகத் தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை எழுத எனக்கு மனமில்லை. அக்கா போய்விட்டாள் என்று எழுதலாம், போகவில்லை என்றும் எழுதலாம். அவளை நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் இங்கே நின்று அளவெடுத்துவிட்டுப் போனவரை நான் ஒன்றும் செய்ய முடியாது. அவர் காலையில் பதில் சொல்ல வேண்டும். அதனால் கடைசிப் பதிவுக்கு மேலே இதை இன்றைக்கே ஏற்றுகிறேன்.

இவ்வளவு நேரம் நீங்கள் படித்ததற்குக் கதை என்று பெயர் வைத்தேன். உண்மையில் இது ஒரு நீளமான பின்னூட்டம். அவர் எனக்குப் போட்டதற்குப் பதில். அவர் ஒட்ட மறந்ததை நான் மறக்காமல் ஒட்டியிருக்கிறேன்.

உங்களுக்குத் திரை தேவையில்லாமல் இருக்கலாம். பரவாயில்லை, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு, வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதைப் படிக்காமலேயே கடைசி வரிக்கு வந்தவராக இருந்தாலும் சரிதான். இந்தக் கதையே அப்படி வந்த ஒருவரால்தான் தொடங்கியது.

முதல் ஆள் நான். இணைப்பு கீழே இருக்கிறது.